1951-இல் ஈரானால் முடியாதது, இருபது வருஷம் கழித்து மற்றவர்களுக்கு எப்படி முடிந்தது?

மதகடி எழுதியது:

பல நாளாக மண்டையைக் குடையும் ஒரு கேள்வி. எண்ணெய் அரசியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

1951-இல் ஈரான் தன் எண்ணெயை தேசியமயமாக்கியது. நிலம் அவர்களுடையது, கிணறு அவர்களுடையது, அபாதானில் இருந்த சுத்திகரிப்பு ஆலை அன்றைக்கு உலகத்திலேயே பெரியது. ஆனாலும் இரண்டே வருஷத்தில் பிரதமர் மொசாதேக் வீழ்ந்தார், மன்னர் ஷா திரும்ப வந்து உட்கார்ந்தார், வெளிநாட்டுக் கம்பெனிகளும் திரும்ப வந்தன. அப்புறம் பார்த்தால் 1970-களில் அல்ஜீரியா, லிபியா, ஈராக், சவூதி என்று வரிசையாக எல்லோரும் தங்கள் எண்ணெயைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். அதே கம்பெனிகள், அதே மேற்கத்திய அரசாங்கங்கள், ஆனால் இந்த முறை யாராலும் தடுக்க முடியவில்லை.

"சிஐஏ கவிழ்த்தது" என்று ஒரு வரியில் பதில் சொல்ல வேண்டாம், அது தெரியும். எனக்குப் புரியாதது அதற்கு முந்தைய கட்டம். ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது 1953 ஆகஸ்டில். அதுவரை இரண்டு வருஷத்துக்கு மேல் எண்ணெய் முழுக்க ஈரான் கையில்தான் இருந்தது. ஏன் விற்க முடியவில்லை? வாங்க ஆள் இல்லையா?

இன்னொரு சின்னக் கேள்வி. எண்ணெயை டாலரில் மட்டுமே விற்பது என்று 1974-இல் அமெரிக்காவும் சவூதியும் போட்ட ஐம்பது வருஷப் பெட்ரோடாலர் ஒப்பந்தம் 2024 ஜூனில் காலாவதியாகிவிட்டது, டாலர் கதை முடிந்தது என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உண்மையா?


உப்பாறு எழுதியது:

நல்ல கேள்வி. உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. கிணறும் ஆலையும் ஈரானிடம் இருந்தன, சரி. கப்பல்? விற்கும் சந்தை? அது யாரிடம் இருந்தது?

அன்றைய உலகச் சந்தையை முதலில் மனதில் கொண்டுவர வேண்டும். அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் வெளியே கிடைத்த எண்ணெயில் மிகப் பெரும் பங்கை ஏழு கம்பெனிகள் வைத்திருந்தன: ஜெர்சி ஸ்டாண்டர்டு (இன்றைய எக்ஸான்), சோகோனி (பிறகு மொபில்), கலிபோர்னியா ஸ்டாண்டர்டு (செவ்ரான்), டெக்ஸகோ, கல்ஃப், ஷெல், ஆங்கிலோ-ஈரானியன் (அதுவரை ஈரான் எண்ணெயை வைத்திருந்த பிரிட்டிஷ் கம்பெனி, பிறகு பிபி). இதில் முக்கியமான விஷயம், இவை ஒன்றோடொன்று போட்டி போட்ட கம்பெனிகள் மட்டும் இல்லை, ஒரே கிணறுகளில் கூட்டாளிகளும்கூட. குவைத் எண்ணெயில் பாதி கல்ஃபுக்கு, பாதி ஆங்கிலோ-ஈரானியனுக்கு. ஈராக்கில் ஆங்கிலோ-ஈரானியன், ஷெல், பிரெஞ்சுக் கம்பெனி, இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள், கூடவே 5 சதவீதத்தோடு குல்பென்கியன் என்ற தனி மனிதர். சவூதியில் நான்கு அமெரிக்கக் கம்பெனிகள் சேர்ந்து அராம்கோ. 1928-இலேயே ஸ்காட்லாந்தில் அக்னகாரி என்ற கோட்டையில், பறவை வேட்டைக்கு வந்ததுபோல் கூடி, "இன்றைக்கு யாருக்கு எவ்வளவு சந்தையோ அதை அப்படியே வைத்துக்கொள்வோம்" என்று ஷெல், ஜெர்சி, ஆங்கிலோ-பெர்ஷியன் (ஆங்கிலோ-ஈரானியனின் பழைய பெயர்) தலைவர்கள் பேசி முடித்திருந்தார்கள். ஒருவனுக்கு ஒரு இடத்தில் அடி விழுந்தால், அவனுக்கே பங்குள்ள இன்னொரு இடத்தில் குழாயைக் கொஞ்சம் அதிகம் திறந்துகொள்ளலாம்.

1951-இல் நடந்தது அதுதான். ஈரான் 1950-இல் நாளுக்கு ஏறக்குறைய 6,60,000 பீப்பாய் எடுத்துக்கொண்டிருந்தது. 1952-இல் அது 20,000 பீப்பாய் அளவுக்கு விழுந்தது. உலகம் தவித்துப் போனதா என்றால் இல்லை. குவைத், சவூதி, ஈராக் மூன்றிலும் உற்பத்தியை ஏற்றி அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டார்கள், உலகின் மொத்த உற்பத்தி அந்த இரண்டு வருஷத்தில் குறையவில்லை, கூடத்தான் செய்தது. இதில் வேடிக்கை, ஆங்கிலோ-ஈரானியனுக்கு ஈரானில் போனது போக குவைத்திலும் ஈராக்கிலும் பங்கு இருந்ததால் அந்தக் கம்பெனி தாக்குப்பிடித்தது. ஈரான் அரசாங்கத்துக்கு அப்படி வேறு வருமானம் கிடையாது.

வாங்க ஆள் இல்லையா என்று கேட்டீர்கள். இருந்தார்கள், ஆனால் கம்பெனி "அது எங்கள் எண்ணெய், திருட்டுச் சரக்கை வாங்குகிறவன் மேல் எந்த நாட்டிலானாலும் வழக்குப் போடுவோம்" என்று அறிவித்துவிட்டது. 1952 ஜூனில் ரோஸ் மேரி என்ற சின்ன டேங்கர் ஈரானிய எண்ணெயோடு இத்தாலிக்குப் புறப்பட்டது. பிரிட்டிஷ் விமானங்கள் பின்தொடர்ந்து அதை ஏடனுக்குள் போகவைத்தன. ஏடன் அப்போது பிரிட்டிஷ் காலனி. அங்கிருந்த நீதிமன்றம் சில மாதம் கழித்து, சரக்கு ஆங்கிலோ-ஈரானியனுடையதுதான் என்று தீர்ப்பும் சொன்னது. இந்த ஒரு வழக்கைப் பார்த்த பிறகு எந்தக் கப்பல் முதலாளி அபாதான் பக்கம் தலைவைப்பான்?

ஒருவர் வைத்தார். ஜப்பானில் இடெமித்சு சசோ. ஏழு கம்பெனிகளோடும் ஒட்டாமல் தனியாக வியாபாரம் செய்தவர், சொந்தமாக ஒரு பெரிய டேங்கர் வைத்திருந்தார், பெயர் நிஷோ மாரு. 1953 மார்ச்சில் எங்கே போகிறோம் என்று வெளியே சொல்லாமல் ஜப்பானில் இருந்து கிளம்பிய கப்பல், ஏப்ரலில் அபாதானில் நின்றது. சரக்கை ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷ் கண்ணில் படாத வழியாகச் சுற்றி மே மாதம் கவாசாகி வந்து சேர்ந்தது. கம்பெனி டோக்கியோவில் வழக்குப் போட்டது, தோற்றது. ஜப்பானில் அவருக்குப் பெரிய பேர். ஈரானுக்கு? ஆறரை லட்சம் பீப்பாய் தினமும் ஓடிய இடத்தில் ஒரு துணிச்சல்காரரின் கப்பலை வைத்து என்ன செய்வது. அதுவும் நல்ல தள்ளுபடி கொடுத்துத்தான்.

ஆள் பலமும் ஒரு பிரச்சினை. 1951 அக்டோபர் தொடக்கத்தில் கடைசி பிரிட்டிஷ் ஊழியர்கள் மொரீஷியஸ் என்ற போர்க்கப்பலில் ஏறி பாஸ்ராவுக்குப் போனார்கள். ஆலையை ஓட்ட ஈரானியர்களுக்குத் தெரியாது என்று அவர்கள் சொன்னது முழுக்க உண்மை இல்லை, உள்நாட்டுத் தேவைக்கு ஈரானியப் பொறியாளர்கள் ஓட்டிக் காட்டினார்கள். ஓட்டி எடுத்ததை வெளியே அனுப்பக் கப்பல் இல்லை என்பதுதான் முட்டுச்சந்து.


செங்காந்தள் எழுதியது:

உப்பாறு சொன்ன விவரத்தில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் படித்து முடித்தால் ஏதோ சந்தை நிலவரம் சரியில்லை, ஈரானுக்கு நேரம் சரியில்லை என்பதுபோல் இருக்கிறது. ரோஸ் மேரியைத் துரத்தியது சந்தையா, விமானப் படையா?

ஆங்கிலோ-ஈரானியன் ஏதோ தனியார் கம்பெனி இல்லை தோழர். 1914-இல், முதல் உலகப் போருக்குச் சில வாரம் முன்னால், சர்ச்சில் கடற்படை அமைச்சராக இருந்தபோது, பிரிட்டிஷ் அரசாங்கமே 22 லட்சம் பவுன் போட்டு 51 சதவீதப் பங்கை வாங்கியது. போர்க்கப்பல்களை நிலக்கரியில் இருந்து எண்ணெய்க்கு மாற்றியாகிவிட்டது, தன் நாட்டில் நிலக்கரி இருக்கிறது, எண்ணெய் இல்லை, ஆகவே அடுத்தவன் நாட்டு எண்ணெயில் பங்கு. அதற்கும் அடிப்படை 1901-இல் வில்லியம் நாக்ஸ் டார்சி பாரசீக மன்னரிடம் வாங்கிய உரிமம்: வடக்கே ரஷ்யாவை ஒட்டிய ஐந்து மாகாணங்கள் நீங்கலாக நாடு முழுக்க, 60 வருஷத்துக்கு, மன்னருக்கு 20,000 பவுன் ரொக்கம், அதே மதிப்புக்குப் பங்கு, லாபத்தில் 16 சதவீதம். லாபம் எவ்வளவு என்று கணக்குப் போடுவது யார்? கம்பெனிதான். 1950 வாக்கில் அந்தக் கம்பெனி ஈரானுக்குக் கொடுத்த ராயல்டியைவிட லண்டனுக்குக் கட்டிய வரி அதிகம். எண்ணெய் யாருடையது, வரி யாருக்கு என்று பாருங்கள்.

அபாதானில் தொழிலாளிகள் இருந்த நிலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் புல்வெளியும் நீச்சல் குளமும் கிளப்பும், ஈரானியத் தொழிலாளிக்குக் கொட்டகை. 1920-களின் தொடக்கத்தில் அங்கே வேலை நிறுத்தம் செய்தவர்களில் நம் நாட்டுத் தொழிலாளிகள் நிறையப் பேர், கம்பெனி அவர்களை இந்தியாவில் இருந்துதான் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. போராடியவர்களைக் கப்பலேற்றித் திருப்பியும் அனுப்பியது.

எனக்கு இதில் அதிகம் எரிச்சல் தருவது அட்லீயின் லேபர் அரசாங்கம். 1947-இல் தன் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களை தேசியமயமாக்கியவர்கள், 1951-இல் எஃகையும் எடுத்துக்கொண்டவர்கள். அதையே ஈரான் செய்தபோது படை அனுப்பலாமா என்று யோசித்தார்கள். ட்ரூமன் சம்மதிக்காததால் விட்டார்கள். அட்லீக்குப் பிறகு வந்த சர்ச்சில் அரசாங்கம் கம்யூனிஸ்ட் பயத்தைக் காட்டி ஐசனோவர் காலத்தில் காரியத்தை முடித்தது. 1953 ஆகஸ்ட் 15 இரவு முதல் முயற்சி தோற்று, ஷா பாக்தாத்துக்கு ஓடி, அங்கிருந்து ரோமுக்குப் போய்விட்டார். நாலே நாளில், 19-ஆம் தேதி, காசு கொடுத்துக் கூட்டிய கும்பலும் ராணுவமும் தெருவில் இறங்கின. மொசாதேக்குக்கு மூன்று வருஷச் சிறை, அப்புறம் 1967-இல் சாகும்வரை தன் கிராமத்தில் வீட்டுக் காவல்.

1954-இல் வந்த கூட்டமைப்பைப் பாருங்கள், யாருக்காக இவ்வளவும் நடந்தது என்று புரியும். பிபிக்கு 40 சதவீதம், ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக் கம்பெனிக்கு 6, ஐந்து அமெரிக்கக் கம்பெனிகளுக்குத் தலைக்கு 8. ஐம்பது வருஷமாக அந்த நாட்டில் அமெரிக்கக் கம்பெனிக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை, ஒரே கையெழுத்தில் 40 சதவீதம். பெயருக்கு எண்ணெய் ஈரான் தேசியக் கம்பெனியுடையது, லாபம் பாதிக்குப் பாதி, ஆனால் கணக்குப் புத்தகத்தை ஈரானியத் தணிக்கையாளர் பார்க்கக் கூடாது, இயக்குநர் குழுவில் ஈரானியர் உட்காரக் கூடாது.


உப்பாறு எழுதியது:

செங்காந்தள், படைபலம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் படைபலம் மட்டும்தான் காரணம் என்றால் மதகடியின் இரண்டாவது பாதிக்கு உங்களிடம் பதில் இல்லை. 1973-இல் அமெரிக்கப் படை 1953-இல் இருந்ததைவிட பலவீனமா? உளவுத் துறை இளைத்துவிட்டதா? வேறு ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது?


கோடைமழை எழுதியது:

மாறியது டெக்ஸஸ். கேட்க விநோதமாக இருக்கும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1930-இல் கிழக்கு டெக்ஸஸில் ஒரு ராட்சத எண்ணெய் வயல் கிடைத்தது. அமெரிக்காவில் நிலத்துக்கு அடியில் இருப்பது நிலக்காரனுக்குச் சொந்தம், எனவே பக்கத்து நிலக்காரன் உறிஞ்சுவதற்குள் நாம் உறிஞ்சிவிட வேண்டும் என்று ஆளாளுக்குக் கிணறு தோண்டி, பீப்பாய் பத்து சென்ட்டுக்கு வந்து நின்றது. கவர்னர் மாநிலக் காவல் படையை அனுப்பி வயலையே மூட வேண்டியதாயிற்று. அப்புறம் அந்த மாநிலத்தின் ரயில்வே ஆணையத்துக்கு ஒரு அதிகாரம் வந்தது: எந்தக் கிணற்றில் மாதத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று அதுதான் சொல்லும். பெயரில்தான் ரயில், வேலை எண்ணெய். தேர்தலில் ஜெயித்த மூன்று பேர் ஆஸ்டின் நகரத்தில் உட்கார்ந்து, விலை விழாமல் இருக்க டெக்ஸஸ் கிணறுகளை நாற்பது வருஷம் பாதி மூடி, பாதி திறந்து ஓட்டினார்கள்.

இதன் விளைவு, அமெரிக்காவிடம் எப்போதும் ஒரு கையிருப்பு இருந்தது. தொட்டியில் இல்லை, மண்ணுக்கு அடியில், குழாய் போட்டுத் தயாராக. நெருக்கடி வந்தால் திறந்தால் போதும்.

1956-இல் எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கி, பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்தபோது கால்வாய் அடைபட்டது, சிரியாவில் எண்ணெய்க் குழாயின் பம்ப் நிலையங்கள் தகர்ந்தன, ஐரோப்பாவுக்கு எண்ணெய் நின்றது. லண்டன் அமெரிக்காவைப் பார்த்தது. படையை வாபஸ் வாங்கும்வரை எண்ணெய் கிடையாது என்று ஐசனோவர் இருந்துவிட்டார். பவுனும் சரிந்துகொண்டிருந்தது, வேறு வழியில்லை, திரும்பினார்கள். செங்காந்தளுக்குச் சொல்கிறேன், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை மத்தியக் கிழக்கில் பின்வாங்க வைத்ததில் இந்த மூடிய குழாய்க்கும் பங்கு உண்டு.

1967-இல் இஸ்ரேலோடு நடந்த போரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் எண்ணெய் கிடையாது என்று அறிவித்தன. மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. அமெரிக்கா தன் கிணறுகளைத் திறந்தது, வெனிசுவேலாவும் ஷாவின் ஈரானும் கூடுதலாக விற்றன, நஷ்டம் அரபு நாடுகளுக்கு. 1951-இல் ஈரானுக்கு நடந்ததே பெரிய அளவில் நடந்தது. விற்பவன் நிறுத்தினால் வாங்குபவன் வேறு கடைக்குப் போகிறான், அவ்வளவுதான்.

ஆனால் அமெரிக்க உற்பத்தி 1970-இல் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்தது. 1970-களின் தொடக்கத்தில் டெக்ஸஸ் ரயில்வே ஆணையம் எல்லாக் கிணறுகளையும் நூறு சதவீதம் ஓட்டலாம் என்று அனுமதித்தது. அன்றைக்குப் பெரிய தலைப்புச் செய்தி இல்லை அது. ஆனால் அர்த்தம் என்ன? மூடிவைத்திருந்த குழாய் இனி ஒன்றும் இல்லை. அந்தக் கையிருப்பு சவூதிக்கு இடம் மாறிவிட்டது.

1973 அக்டோபரில் அதே அரபு நாடுகள், அதே மாதிரி தடை. 16-ஆம் தேதி வளைகுடா நாடுகள் கம்பெனிகளைக் கேட்காமல் தாங்களே விலையை 70 சதவீதம் ஏற்றி 5.11 டாலராக்கின, மறுநாள் உற்பத்தி வெட்டு. டிசம்பரில் 11.65 டாலர் என்று முடிவானது எங்கே தெரியுமா, தெஹ்ரானில். அந்த விலையேற்றத்துக்கு அதிகம் அழுத்தம் கொடுத்தவர் 1953-இல் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைக்கப்பட்ட அதே ஷா.


மதகடி எழுதியது:

இது நான் கேள்விப்படாத கோணம், நன்றி. ஆனால் இடையில் ஒன்று உதைக்கிறது. கம்பெனிகள் ஏழும் கைகோத்து நின்றிருந்தால் உபரி இல்லாவிட்டாலும் சமாளித்திருக்கலாமே? 1951-இல் எல்லாரும் சேர்ந்து ஈரானைப் புறக்கணித்தார்கள். 1970-இல் ஏன் அப்படிச் செய்யவில்லை?


உப்பாறு எழுதியது:

ஏனென்றால் அப்போது ஏழு பேர் மட்டும் இல்லை. லிபியா 1950-களிலேயே உஷாராக, ஈரானைப் பார்த்துப் பாடம் படித்ததுபோல், நாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சின்னக் கம்பெனிகளுக்கும் உரிமம் கொடுத்திருந்தது. அதில் ஒன்று ஆர்மண்ட் ஹேமரின் ஆக்சிடெண்டல். அந்தக் கம்பெனிக்கு அமெரிக்காவுக்கு வெளியே லிபியாவை விட்டால் வேறு எண்ணெய் இல்லை. கடாபி 1969-இல் ஆட்சியைப் பிடித்தார், அடுத்த வருஷம் நேராக ஆக்சிடெண்டலின் கழுத்தில் கைவைத்தார்: உற்பத்தியைக் குறை, குறை, இன்னும் குறை. சூயஸ் 1967-இல் இருந்தே மூடிக்கிடந்தது, சவூதியில் இருந்து மத்தியதரைக் கடலுக்கு வரும் குழாய் 1970 மே மாதம் சிரியாவில் உடைந்தது, டேங்கர் வாடகை எகிறியது. ஐரோப்பாவுக்குப் பக்கத்தில் இருந்ததில் பெரிய எண்ணெய் லிபியாவுடையது.

ஹேமர் எக்ஸானிடம் போய், நான் கடாபியோடு மல்லுக்கு நிற்கிறேன், எனக்கு எண்ணெய் நின்றால் நீ அடக்க விலையில் கொடு என்று கேட்டார். எக்ஸான் மறுத்தது. செப்டம்பரில் ஹேமர் பணிந்தார், விலையும் ஏறியது, பாதிக்குப் பாதி என்ற பழைய கணக்கும் உடைந்தது. மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். மாதம் போகப் போக ஈரான் கேட்டது, வெனிசுவேலா கேட்டது, 1971 பிப்ரவரியில் தெஹ்ரான் ஒப்பந்தம். அந்த ஒரு மறுப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எக்ஸான் அன்றைக்கு மிச்சம் பிடித்த காசைப் போல விலை உயர்ந்த காசு எண்ணெய் வரலாற்றில் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மதகடியின் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம். சவூதியை மற்றவர்களோடு ஒரே வரிசையில் வைக்காதீர்கள். லிபியாவும் ஈராக்கும் பிடுங்கின, சவூதி வாங்கியது. எண்ணெய் அமைச்சர் யமானி ஒரே நாளில் எடுத்தால் கம்பெனிகளின் கப்பலும் சந்தையும் கைநழுவும் என்று கணக்குப் போட்டு, 1973-இல் அராம்கோவில் 25 சதவீதம், 1974-இல் 60, 1980-இல் மொத்தம் என்று காசு கொடுத்தே முடித்தார். மொசாதேக்குக்கு இல்லாமல் போனது எது என்று யமானிக்குத் தெரிந்திருக்கிறது.


நங்கூரம் எழுதியது:

பெட்ரோடாலர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அந்த வாட்ஸப் செய்தி பொய். 1974 ஜூன் 8-ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கரும் சவூதி இளவரசர் பஹதும் கையெழுத்திட்டது பொருளாதார ஒத்துழைப்புக்கான ஒரு கூட்டு ஆணையம். எண்ணெயை டாலரில் மட்டும்தான் விற்பேன் என்று அதில் சவூதி எழுதிக் கொடுக்கவில்லை. எண்ணெய்க்கு டாலரில் விலை சொல்வது அதற்கு வெகு காலம் முன்பிருந்தே நடப்பதுதான், சந்தையைப் பிடித்திருந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் கம்பெனிகள் என்பதால். ரகசியமாக நடந்தது வேறு ஒன்று. அதே வருஷம் அமெரிக்க நிதியமைச்சர் வில்லியம் சைமன் போய்ப் பேசி, சவூதி தன் எண்ணெய்ப் பணத்தை அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களில் போடுவது என்று ஏற்பாடானது, அது வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். முழு விவரம் 2016-இல்தான் வந்தது. காலாவதி தேதி கொண்ட டாலர் ஒப்பந்தம் என்று ஒன்று இல்லை, இல்லாதது எப்படி முடியும்.

நான் டேங்கரில் வேலை பார்த்தவன், எனவே ரோஸ் மேரி கதைக்கு ஒரு பின்குறிப்பு. இன்றைக்கு விமானத்தை அனுப்பத் தேவையே இல்லை. கப்பலுக்குக் காப்பீடு இல்லை என்றால் பெரிய துறைமுகம் எதுவும் உள்ளே விடாது, அந்தக் காப்பீட்டுச் சங்கங்களில் பெரியவை லண்டனையும் ஐரோப்பாவையும் சார்ந்தவை. 2012-இல் ஐரோப்பிய யூனியன் ஈரானிய எண்ணெய்க் கப்பல்களுக்குக் காப்பீட்டை நிறுத்தியதும் ஒரு குண்டு வெடிக்காமல் ஏற்றுமதி சரிந்தது. இந்தியா அப்போது ஒரு பகுதிப் பணத்தை ரூபாயாக யூகோ வங்கியில் போட்டுத்தான் ஈரானிடம் வாங்கியது. கிணறு யாருடையது என்பதைவிடக் கப்பலும் காகிதமும் யாருடையவை என்பது 1951-இல் எப்படியோ இன்றைக்கும் அப்படியே.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. மணலி சுத்திகரிப்பு ஆலை 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கியபோது கூட்டாளிகள் மூன்று பேர்: இந்திய அரசு 74 சதவீதம், அமெரிக்கக் கம்பெனி அமோகோ 13, ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனி 13. மொசாதேக் காலத்தில் பிறந்த அதே தேசியக் கம்பெனிதான். ஆலையே ஈரானின் டாரியஸ் வயல் எண்ணெயைக் கணக்கில் வைத்துக் கட்டப்பட்டது. அமோகோ 1980-களில் விலகிவிட்டது. ஈரான் பங்கை விடவில்லை.


செங்காந்தள் எழுதியது:

மணலி விஷயம் எனக்குப் புதிது. அதற்கு முன்னால் 1960-இல் சோவியத் மலிவாகக் கச்சா எண்ணெய் தருகிறேன் என்றபோது, இங்கே ஆலை வைத்திருந்த பர்மா-ஷெல், ஸ்டான்வாக் (பிறகு எஸ்ஸோ), கால்டெக்ஸ் மூன்றும் அதைச் சுத்திகரிக்க மாட்டோம் என்று மறுத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலை நம் மண்ணில், முடிவு லண்டனிலும் நியூயார்க்கிலும். மாளவியா எண்ணெய்த் துறை அமைச்சராக இருந்து பொதுத்துறையில் ஆலை கட்டியே தீர வேண்டும் என்று நின்றதற்கு இதெல்லாம்தான் பின்னணி. 1974-இல் எஸ்ஸோவையும் 1976-இல் பர்மா-ஷெல்லையும் இந்தியா எடுத்துக்கொண்டது, உப்பாறு சொன்ன அதே காலக்கட்டம்.

கோடைமழையிடம் ஒரு கேள்வி. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே? 1960-இல் பாக்தாத்தில் ஐந்து நாடுகள் சேர்ந்து தொடங்கியது பெரிய திருப்பம் இல்லையா?


கோடைமழை எழுதியது:

வேண்டுமென்றேதான் விட்டேன். பத்து வருஷம் ஒபெக்கால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை, உபரி எண்ணெய் மிதக்கும் சந்தையில் சங்கம் வைத்து என்ன பயன். 1960 ஆகஸ்டில் ஜெர்சி கம்பெனி யாரையும் கேட்காமல் விலையைக் குறைத்த கோபத்தில் பிறந்த அமைப்பு அது, விலை அதற்குமேல் குறையாமல் பார்த்துக்கொண்டது, 1970 வரை சாதனை அவ்வளவுதான்.

ஆனால் அதன் மூளையாக இருந்தவர் கதை சுவாரஸ்யம். வெனிசுவேலாவின் ஹுவான் பாப்லோ பெரெஸ் அல்ஃபோன்சோ. 1948-இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது சிறையில் இருந்து, பிறகு வாஷிங்டனில் அகதி வாழ்க்கை. அங்கே சும்மா இருக்காமல் டெக்ஸஸ் ரயில்வே ஆணையம் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தார். மூன்று பேர் ஒரு மாநிலத்துக்குச் செய்வதை எண்ணெய் நாடுகள் சேர்ந்து உலகத்துக்குச் செய்தால் என்ன என்பதுதான் அவர் யோசனை. சவூதியின் எண்ணெய்த் துறை அதிகாரி தாரிக்கியும் அவரும் 1959-இல் கெய்ரோவில் கூடிப் பேசியதில் இருந்து ஒபெக் வந்தது. ஆனால் டெக்ஸஸ் மாதிரி நாட்டுக்கு இவ்வளவு என்று முறையாகப் பங்கு பிரிக்க 1982 ஆகிவிட்டது.

அதையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தது கிட்டத்தட்ட சவூதி மட்டும்தான். மற்றவர்கள் ஏமாற்ற ஏமாற்றத் தான் குறைத்துக் குறைத்து வெறுத்துப்போய் 1985 கடைசியில் குழாயைத் திறந்துவிட்டார்கள். 1986-இல் பீப்பாய் பத்து டாலர் அளவுக்கு வந்தது. பெட்ரோல் மலிவானால் அமெரிக்காவுக்குக் கொண்டாட்டம் என்றுதானே நினைப்போம்? டெக்ஸஸில் கம்பெனிகளும் வங்கிகளும் வரிசையாகக் கவிழ்ந்தன. அந்த வருஷம் ஏப்ரலில் துணை அதிபர் ஜார்ஜ் புஷ், அவரே டெக்ஸஸ் எண்ணெய்க்காரர்தான், சவூதிக்குப் போய் மன்னர் பஹதிடம் விலை இப்படி விழுவது நல்லதில்லை என்று பேசிவிட்டு வந்தார். டிசம்பரில் ஒபெக் கூடி 18 டாலர் என்று இலக்கு வைத்தது.